தாம்பரம் புகட்டும் பாடம்

எய்ட்ஸ் முற்றிலும் புதிய நோய் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். எச்.ஐ.வி. என்னும் கிருமி புதியதுதான். ஆனால் அதற்கு ஆளானவர்களைக் கொன்றவற்றுள் முதன்மையானது மிகப் பழைய காசநோயே. சென்னையை அடுத்த தாம்பரம் காசநோய் மருத்துவமனையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு சிறிய இல்லத்தைத் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. காசத்திற்கு மருந்தில்லாத காலம் அது. தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே சிகிச்சை எனப்பட்டன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் தோன்றின. 1956இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம், அதனால் வீட்டாருக்கு ஆபத்து மிகுவதில்லை என்று 1959இல் மெய்ப்பித்தது. காசத்தை வென்றுவிடலாம் என்னும் நம்பிக்கை வளர்ந்தது.

1986இல் நிலைமை மாறியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. இந்தியாவில் அக்கிருமி அறியப்பட்டது அதுவே முதன்முறை. நம் மலேசியாவிலும் அவ்வாண்டிலேயே அது கண்டறியப்பட்டது.

1990களில் எய்ட்ஸ் நோயாளிகள் பெருந்திரளாகத் தாம்பரத்தை நாடினர். அவர்கள் காச மருத்துவமனைக்கு வரக் காரணம் என்ன? காசக் கிருமி புகுந்தவர் எல்லாரும் நோயாளியாவதில்லை. சிடி4 என்னும் வெள்ளணுக்களின் ஏவலால் பிற அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து, மதில் எழுப்பிச் சிறைவைக்கின்றன. எச்.ஐ.வி. அழிப்பது அந்தச் சிடி4 அணுக்களையே. நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 500க்கு மேல் இருக்கும் அவை, 200க்குக் கீழே இறங்கினால் நோய் முற்றியதாகக் கொள்வர். அப்போது மதில் இடிந்து, சிறையிருந்த கிருமி வெளிப்படுகிறது. நுரையீரலோடு நில்லாமல் நெறிக்கட்டிகளுக்கும் மூளையுறைக்கும் பரவுகிறது. சளியில் கிருமி தென்படாமலும், எக்ஸ்ரே படத்தில் குறை தெரியாமலும் போவதுண்டு. பழைய அடையாளங்களை மட்டும் நம்பும் மருத்துவர் ஏமாற நேரும். நலமுள்ளவரைப் பெரும்பாலும் அணுகாத பூஞ்சைகளும் அந்நிலையில் நுரையீரலையும் மூளையுறையையும் தாக்குகின்றன.

2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதலில் வழங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. மலேசிய அரசு மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் 2006 முதல் இலவசம். உரிய காலத்தில் தொடங்கி விடாது உட்கொண்டால் சிடி4 அணுக்கள் மீளப் பெருகும். நீண்ட நாள் வாழலாம். ஆயினும் மதில் இடிந்த பின்னரே மருத்துவரிடம் வருவோர் இன்றும் உளர்.

அவர்கள் ஏன் தாமதிக்கிறார்கள்? என் இளமையில், எங்கள் தோட்டத்து லயத்தில் காசம் கண்டிருந்த ஒருவரின் தட்டும் தகரக் குவளையும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவர் குணமடைந்த பின்னரும் அவை மற்றப் பாத்திரங்களோடு சேரவில்லை. வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று சென்னை ஆய்வு மெய்ப்பித்துப் பல ஆண்டுகள் கழிந்த காலம் அது! எச்.ஐ.வி.யோ உண்ணும் தட்டாலும் குடிக்கும் குவளையாலும் பரவுவதே இல்லை. எனினும் அந்தப் பழைய தட்டின் நினைவே இன்று பலரைச் சோதனைக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது.

மருந்து தருவது மருத்துவர் கடன். அந்த அச்சத்தை மாணவர் உள்ளத்தில் வேரூன்ற விடாமல் காப்பது ஆசிரியராகிய நம் கடன் அன்றோ?