பக்கத்து அறை நாற்காலி

வகுப்பு நடக்கிறது. எல்லா மாணவர்களும் உள்ளே. ஒருவருக்கு மட்டும் பக்கத்து அறையில் நாற்காலி. அங்கிருந்தே பாடம் கேட்டுக்கொள்ள வேண்டியது. நூலகத்தில் தனி மேசை. சாப்பிடத் தனி மேசை, தனி நேரம்.

எங்கே? அமெரிக்காவில்தான். 1948, ஓக்லஹோமா பல்கலைக்கழகம்.

அவர் பெயர் ஜார்ஜ் மெக்லாரின். கறுப்பினத்தவர். முதுகலை முடித்துவிட்டு டாக்டரேட் படிக்க வந்தவர். கோர்ட் சொன்னதால் சேர்த்தார்கள். சேர்ந்து உட்காரத்தான் விடவில்லை.

மெக்லாரின் விடாமல் வழக்காடினார். வகுப்புக்குள் இடம் கிடைத்தது. எப்படி? சுற்றிலும் தடுப்பு, 'கறுப்பர்களுக்கு' என்றொரு அட்டை. பிறகு அதையும் எடுத்துவிட்டுத் தனி வரிசை.

அதே ஆசிரியர், அதே பாடம். என்ன குறை என்கிறீர்களா? 1950 ஜூன் 5-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பதில் சொன்னது: சக மாணவர்களோடு பேசி, விவாதிப்பதும் படிப்புதான். அதைத் தடுத்தால் படிப்பே கெடும்.

சரி, தடை நீங்கினால் மட்டும் மற்றவர்கள் பேசிவிடுவார்களா? பேசாமலும் போகலாம் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். அது அவரவர் மனசு. ஆனால், பழகாதே என்று அரசாங்கம் குறுக்கே நிற்கக்கூடாது.

1954-ல், பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று வந்த தீர்ப்பு மெக்லாரின் வழக்கையும் சுட்டிக்காட்டியது.

ஒரு நாற்காலியை உள்ளே நகர்த்த இத்தனை பாடு!