தொங்கும் பளுவின் கீழே

லேக் கார்டன்ஸ் இரயில் நிலையத்தில் மாலை வண்டிக்காக நிற்கும் தமிழன்பர்கள், எதிரே ஓடும் இருப்புப்பாதை எங்கே சென்று முடிகிறது என எண்ணிப் பார்த்திருப்பார்களோ, அறியோம். அது டாலிகஞ்சையும் மாஜேர்ஹாட்டையும் கடந்து பஜ்பஜ்ஜை அடைகிறது. மாஜேர்ஹாட்டுக்கு அப்பால் கிதிர்ப்பூர்க் கப்பல்துறைகள் உள்ளன. பஜ்பஜ்ஜோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எண்ணெய்க் கப்பல்கள் வந்து நின்ற துறை. பாரந்தூக்கியும் எண்ணெயும் ஆகிய இரண்டையும் இணைக்கும் இப்பாதையின் ஓரத்தில் நின்று, நடுக்கடல் எண்ணெய் மேடைகளில் பளுவைத் தூக்கும் தொழிலையும், அதில் மனித உயிரைக் காக்கும் முறை வளர்ந்த வரலாற்றையும் சிறிது ஆராய்வோம்.

பாதுகாப்பு முதலில் சொல்லில் தொடங்குகிறது. கப்பல்துறைகளில் பளுவை ஏற்ற 'ஹாபிஸ்' என்றும், இறக்க 'ஆரியா' என்றும் கூவுவது நெடுநாள் வழக்கம். 'ஆரியா' என்பது இறக்குவதைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. பல நாட்டு மாலுமிகள் ஒரே கயிற்றைப் பிடித்தபோது, அனைவருக்கும் ஒரே பொருள் தரும் சொல் தேவைப்பட்டது. தாமஸ் ரோபக் என்பவர் இத்தகைய கப்பற் சொற்களைத் தொகுத்து 1811-இல் இக்கல்கத்தா நகரிலேயே அகராதி வெளியிட்டார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவர் முன்னோர் எனலாம். ஏட்டில் ஒரு சொல் பிழைபட்டால் திருத்திக்கொள்ளலாம். பளு அந்தரத்தில் தொங்கும்போது பிழைபட்டால் திருத்த நேரமில்லை.

சொல்லுக்கு அடுத்தது சட்டம். 1929-இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கப்பலில் ஏற்றும் 1000 கிலோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட எடையுள்ள ஒவ்வொரு பொதியின் மீதும் அதன் எடை குறிக்கப்படவேண்டும் என விதித்தது. 1932-ஆம் ஆண்டு உடன்படிக்கை, பாரந்தூக்கிகளையும் சங்கிலிகளையும் சோதித்த பின்னரே பயன்படுத்தவேண்டும் என்றது. நம் நாட்டில் இந்தியக் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் 1934-இல் இயற்றப்பட்டது. ஆயினும் 1948-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு ஆண்டுகள் சட்டம் ஏட்டிலும் பளு தலைக்கு மேலும் இருந்தன! பின்னர் 1961-இல் பாதுகாப்புத் திட்டமும், 1986-இல் விரிவான புதிய சட்டமும் தோன்றின.

இவ்விதிகளுக்கு அடிப்படை எளிய கணக்கே. ஒரு பளுவை இரு வடங்களால் கட்டி ஒரே கொக்கியில் மாட்டுகிறோம். வடங்கள் நேர்செங்குத்தாக இருப்பின் ஒவ்வொன்றும் பாதிப் பளுவைத் தாங்கும். அவை விரிந்து, இடைக்கோணம் 120 பாகையானால், ஒவ்வொரு வடமும் முழுப் பளுவையும் தாங்கவேண்டும். பொருளின் எடை கூடவில்லை; கட்டிய விதமே வடத்தை அறுக்கிறது. அவ்வாறே பாரந்தூக்கியின் கை நீள நீள, அது தூக்கவல்ல எடை குறையும்.

கடலில் இக்கணக்கு மேலும் கடினமாகிறது. மேடை அசையாது நிற்க, கீழே கப்பல் அலையோடு எழுந்து தாழ்கிறது. கொக்கி பளுவைப் பற்றும் கணத்தில் கப்பல் தாழ்ந்துவிடின், வடம் வெடுக்கென இறுகும். பளுவின் எடையினும் மிக்க விசை அதன்மேல் விழும். ஆகவேதான், அமைதியான நீரில் தூக்கத்தக்க எடையைக் கொந்தளிக்கும் கடலில் தூக்கலாகாது என்பது விதி.

ஜப்பானில் கட்டப்பட்ட 'சாகர் சாம்ராட்' என்னும் துளையிடும் மேடை, 1974 பிப்ரவரியில் பம்பாய்க்கு அப்பாலுள்ள கடலடியில் எண்ணெய் கண்டது. நாடே மகிழ்ந்தது. அவ்வெண்ணெய்க்கு நாம் கொடுத்த விலையை 2005 ஜூலை 27 நினைவூட்டியது. 'சமுத்திர சுரக்ஷா' என்னும் உதவிக் கப்பலில் ஒரு சமையற்காரரின் விரல்கள் வெட்டுண்டன. மழைக்காலத்தின் சீற்றத்தால் ஹெலிகாப்டர் வரவில்லை. அவரைக் கூடையில் ஏற்றி, பாரந்தூக்கியால் பம்பாய் ஹை வடக்கு மேடைக்கு மாற்ற முடிவாயிற்று. காற்று மறைந்த பக்கத்துப் பாரந்தூக்கி பழுதுபட்டிருந்தமையால், கப்பல் காற்று வீசும் பக்கத்தை அணுகிற்று. அலையில் அலைப்புண்டு, எரிவாயு ஏறிவரும் குழாயொன்றின்மீது மோதியது. மூண்ட தீ இரண்டு மணி நேரத்தில் மேடையையே அழித்தது. அங்கிருந்த 384 பேரில் 362 பேர் காப்பாற்றப்பட்டனர். 22 பேர் திரும்பவில்லை.

கூடை அறுந்து விழவில்லை; வடமும் முறியவில்லை. ஆயினும் இதனைப் பளு தூக்கும் தொழிலின் விபத்தென்றே நாம் கருதுகிறோம். எந்தப் பக்கம், எந்தக் காற்றில், எந்தக் கருவியால், கீழே எது இருக்கையில் தூக்குவது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கொக்கி அசையவேண்டும். பழுதான பாரந்தூக்கி ஒன்று, கப்பலைத் தவறான பக்கத்துக்கு இழுத்துச் சென்றதே! கடல் மேடைகளின் பாதுகாப்புக்கெனத் தனி விதிகள் 2008-இல் வகுக்கப்பட்டன. அவற்றை மேற்பார்க்கும் பொறுப்பு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பிறமாநிலங்களில் வாழும் நம்மவருள் கப்பல்துறையிலும் கட்டடப் பணியிலும் பாரந்தூக்கியின் நிழலில் உழைப்போர் பலர். மேலாளரின் மொழி விளங்காமல் தலையசைப்பது நம்மிடையே உள்ள ஒரு கூச்சம். அக்கூச்சம் உயிருக்கு உலை வைக்கும். பாரந்தூக்கிக்கு ஏறு, இறங்கு எனக் கைச்சைகை காட்ட ஒருவரே இருக்கவேண்டும் என்பது தொழில் நெறி. ஆயினும் 'நில்' என்னும் சைகையை மட்டும் யார் காட்டினும், அவர் அன்றுதான் வேலைக்கு வந்த கூலியாளாயினும், ஓட்டுநர் உடனே நிறுத்தியாகவேண்டும். அதற்கு வங்காளியோ இந்தியோ வேண்டுவதில்லை. கை ஒன்றே போதும். அக்கையை உயர்த்தும் துணிவு நம்மவர்க்கு வருமாயின், இவ்வரலாற்றைப் பேசியதன் பயன் கிட்டியதாகும்.