துப்பாக்கியை எங்கே வைப்பது?

1873 நவம்பர். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஹால்ஸ் கல்ச் என்ற சுரங்கக் குடியிருப்பு. கூரைகூடச் சரியாக மூடாத ஒரு குடிசையில் நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் இரவு தங்குகிறார். பெயர் இசபெல்லா பேர்ட். இங்கிலாந்தில் முதுகுவலியோடு படுக்கையில் கிடந்தவர், ராக்கி மலைகளில் குதிரையேறித் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த இடத்தைப் பற்றி நல்ல பேச்சு இல்லை. தன்னிடம் இருந்த ஷார்ப்ஸ் ரிவால்வரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார். விடிய விடிய விழித்திருப்பது என்று முடிவு. படுத்ததும் தூங்கிப்போகிறார். கூரை வழியே வெயில் முகத்தில் அடித்தபோதுதான் கண் விழிக்கிறார். தன் பயத்தை நினைத்துத் தானே சிரித்து, இனித் துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்.

தங்கைக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1879-இல் நூலாக வந்தன. அதில் அந்த ரிவால்வரைப் பற்றி அவர் புலம்பும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. உடையின் பையில் குண்டு நிரப்பி வைத்திருந்த அது பெரும் தொல்லையாகிவிட்டதாம். டென்வர் கடைகளில் சாமான் வாங்கும்போது குழல் வெளியே எட்டிப் பார்க்கிறது. குழந்தைகள் விளையாட இழுக்கிறார்கள். ஆணியில் உடையை மாட்டினால் கனம் தாங்காமல் எல்லாம் சேர்ந்து கீழே விழுகிறது. இதைச் சுடுவதுதான் சரி என்று சொல்லத்தக்க ஒரு சூழ்நிலையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீரக் கதைகளில் துப்பாக்கி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். அதை நாள் முழுக்கச் சுமந்தவரின் இடுப்பு என்ன ஆனது, உடை எப்படித் தொங்கியது என்று யாரும் எழுதுவதில்லை. பேர்ட் எழுதினார். பெண்கள் எழுதிய பயண நூல்களை வரலாற்று ஆவணமாகப் படிக்க வேண்டும் என்று மாணவிகளிடம் நான் சொல்வது இதனால்தான்.

அதே மலையில் அவருக்கு வழிகாட்டியாக வந்தவர் ஜிம் நுஜன்ட். அவருடைய ரிவால்வர் கோட்டின் மார்புப் பையில் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. ஆண் உடையில் பை என்பது தையலோடு சேர்ந்தே வந்தது. ஐரோப்பியப் பெண்கள் பதினெட்டாம் நூற்றாண்டு முழுதும் பாவாடைக்கு அடியில் நாடாவால் கட்டிய தனிப் பைகளை வைத்திருந்தார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் உடலோடு ஒட்டிய உடைகள் வந்ததும், பெண்ணின் பொருட்கள் கையில் தொங்கும் ஒரு குட்டிப் பைக்குப் போய்விட்டன. ஒரு கை எப்போதும் பையைப் பிடித்திருக்கும் ஒருத்தி எவ்வளவு தூரம் மலை ஏற முடியும்?

பேர்ட் அணிந்தது கணுக்கால்வரை பாவாடையும் அதற்குள் துருக்கி பாணிக் காற்சட்டையும். அதையே ஆண் உடை என்று லண்டன் டைம்ஸ் எழுதியது. கொதித்துப்போன அவர் அடுத்த பதிப்பில் தன் உடையை விவரித்து விளக்கக் குறிப்பே சேர்த்தார். பையில் இருந்த துப்பாக்கி யாரையும் உறுத்தவில்லை, காற்சட்டைதான் உறுத்தியது!

இருபது ஆண்டுகள் கழித்து, 1894 ஜூனில், பாஸ்டனிலிருந்து ஆனி லண்டன்டெரி சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார். யூதக் குடியேறி, மூன்று குழந்தைகளின் தாய். மாற்று உடை ஒன்றும் முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்ட ரிவால்வர் ஒன்றும்தான் மூட்டை. நீளப் பாவாடையும் பத்தொன்பது கிலோ சைக்கிளுமாகச் சிகாகோ போய்ச் சேர்வதற்குள் களைத்துப்போனார். அங்கே பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கும் தொளதொளப்பான ப்ளூமர் காற்சட்டைக்கும் மாறினார். மறு ஆண்டு பயணத்தை முடித்தார். ரிவால்வரைப் பற்றிப் பத்திரிகைகள் ஆசையாக எழுதின. ஆனால் பயணத்தைக் காப்பாற்றியது காற்சட்டைதான் என்பேன்.

இன்றும் அமெரிக்கக் காட்டுப் பாதைகளில் இந்தக் கேள்வி ஓயவில்லை. 2010 பிப்ரவரியிலிருந்து, அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம். ஆனால் எங்கே வைப்பது? மலையேறும் முதுகுப்பையின் பாரம் இடுப்பெலும்பைச் சுற்றிய பட்டையில்தான் இறங்குகிறது. பெல்ட்டில் மாட்டும் துப்பாக்கி உறைக்கும் அதே இடம்தான். இரண்டும் மோதி இடுப்பை ரணமாக்கும். மார்பின் குறுக்கே கட்டும் உறை இருக்கிறது, ஆனால் பெண்ணுடலில் முதுகுப்பையின் மார்புப் பட்டையே சரியாக உட்காராது. பைக்குள் போட்டுவிட்டால் வேண்டும்போது கைக்கு வராது, விசையை மூடும் உறை இல்லாவிட்டால் தானே வெடிக்கும் ஆபத்தும் உண்டு. நேரான இடுப்பும் கெட்டியான பெல்ட்டும் உள்ள உடலை மனத்தில் வைத்துச் செய்த பொருளுக்குள் பெண் தன்னை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பயம் கற்பனை அல்ல. 1996-இல் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் கூடாரமிட்டிருந்த இரண்டு இளம்பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொலையாளி யார் என்பது 2024-இல்தான் அறிவிக்கப்பட்டது. இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டுத் துப்பாக்கி வாங்கும் பெண்ணைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். அந்தப் பயத்தை விற்பவர்களிடம்தான் எனக்குக் கேள்வி. 1989-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 'லேடி ஸ்மித்' என்று பெண்களுக்கான வரிசையையே சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது வேறு: அடிக்கும் கணவனுக்கோ காதலனுக்கோ துப்பாக்கி எட்டும் நிலையில் இருந்தால், அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்காகிறது. அந்நியனுக்காக வாங்கிய துப்பாக்கியும் இரவில் வீட்டு அலமாரியில்தானே இருக்கும்!

இங்கேதான் எம்மா கேட்வுட் நினைவுக்கு வருகிறார். பதினொரு பிள்ளைகள் பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணவனிடம் அடிபட்டவர். அடி தாங்காதபோது அவர் ஓடி ஒளிந்தது காட்டுக்குள். 1941-இல் மணவிலக்குப் பெற்றார். 1955 மே மாதம், 67 வயதில், பிள்ளைகளிடம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜார்ஜியாவில் அப்பலாச்சியன் பாதையில் ஏறினார். செப்டம்பரில் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் நின்றார். இரண்டாயிரம் மைலுக்கு மேல், தனியாக. தோளில் தானே தைத்த துணிப்பை. அதில் ஒரு போர்வை, மழைக்கோட்டு, குளியலறைத் திரைச்சீலை, சிறு கத்தி, திராட்சை, கொட்டைகள். அவர் எடுத்துப்போன பொருட்களின் பட்டியலில் துப்பாக்கி இல்லை. வீட்டுக்குள் உயிரைக் காத்துக்கொண்டவருக்குக் காடு பயமாக இருந்திருக்காது.

இது அமெரிக்கக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போகத் தொடங்கிய முதல் நாள், அம்மா என் தாவணியில் கூடுதலாக ஒரு ஊக்கு குத்திவிட்டார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று மாணவிகளின் பைகளில் மிளகுத்தூள் ஸ்ப்ரே இருக்கிறது. ஊக்கோ ஸ்ப்ரேயோ வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் வெளியே கிளம்பும் பெண்ணிடம் "கையில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும் வழக்கம், வழிமறிப்பவனிடம் கேட்க வேண்டியதை அவள் பைக்குள் போட்டு மூடிவிடுகிறது.

ஜிம் நுஜன்ட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மார்புப் பையில் ரிவால்வரோடு திரிந்த அவரை 1874 ஜூனில் சுட்டவர், அதே பள்ளத்தாக்கில் வாழ்ந்த, நன்கு தெரிந்த அண்டை வீட்டுக்காரர். சில மாதங்களில் அவர் இறந்துபோனார். துப்பாக்கியை வெறுத்த பேர்ட் அதன்பின் ஜப்பான், பாரசீகம், திபெத் எல்லை, சீனா என்று பயணம் செய்தார்.