ரண வைத்தியர்

1/ சிவகாசி பக்கம் பட்டாசு ஆலையில வெடிவிபத்துன்னா உடனே சர்ஜனைத் தேடுவோம். சர்ஜனுக்குத் தமிழ்ல பழைய பேரு என்ன தெரியுமா? ரண வைத்தியர். ரணம்னா புண்.

2/ யாழ்ப்பாணத்தில் டாக்டர் சாமுவேல் கிரீன் 1867-இல் தமிழில் வெளியிட்ட அறுவை மருத்துவ நூலின் பெயரே 'இரண வைத்தியம்'.

3/ அதுக்கு முன்னாடி ஊர்ல கட்டியைக் கீறி, புண்ணுக்குக் கட்டு போட்டது பெரும்பாலும் முடிதிருத்துபவர்கள். பிரசவம் பார்த்தது அவங்க வீட்டு மருத்துவச்சி. அந்தச் சமூகத்துக்கே 'மருத்துவர்'னு ஒரு பேரு உண்டு.

4/ லண்டன்லயும் இதே கதைதான். 1745 வரை சர்ஜனும் நாவிதரும் ஒரே சங்கம். அங்கே சர்ஜன் இன்னிக்கும் 'டாக்டர்' இல்ல, 'மிஸ்டர்'. அதுவே பெருமை.

5/ இங்கே? வைத்தியம் பார்த்தவரையே வாசல்ல நிறுத்தினோம். தீப்புண்ணுக்குக் கட்டு போடுற ஒவ்வொரு டாக்டரும் செய்றது அவங்க வேலையைத்தான். அடுத்த தடவை அவங்களை இளக்காரமா பேசும்முன் இதை நினைச்சுக்கோங்க.