ஓடுதளத்தின் மேல் சேறு: ஹாமில்டன் கழிநிலம் மீண்ட வரலாறு

கைவிடப்பட்ட இராணுவத் தளங்கள் இயற்கை நிலங்களாக மாறிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூடல் ஆணையிலிருந்து தொடங்குகிறார்கள். கலிபோர்னியாவில் நொவாட்டோ நகரை ஒட்டி, சான் பாப்லோ விரிகுடாக் கரையில் இருந்த ஹாமில்டன் விமானத்தளத்துக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. தளத்தை மூடும் முடிவு 1988இல் வந்தது. கடல்நீரைத் தடுத்த மண்கரை உடைக்கப்பட்டதோ 2014இல். இந்த 26 ஆண்டுத் தாமதத்துக்கு நச்சு அகற்றும் பணியும் நிதிப் பற்றாக்குறையும் காரணங்கள்தான். ஆனால் மீட்பைச் சாத்தியமாக்கியது பறவைகள் மீதான பரிவு மட்டுமல்ல. துறைமுகங்களில் வாரும் சேற்றை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அரசு திணறியதும் அதில் பாதிப் பங்கு வகித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கரையோரம் கோஸ்ட் மிவோக் மக்களின் நிலம். அவர்கள் காலத்தில் இது ஓதம் ஏறி இறங்கும் சதுப்பு. 1850இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்குக் கொடுத்தது. நீரை வடித்து விளைநிலமாக்குவதே அதன் நோக்கம். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் விரிகுடாவின் வடகரை நெடுக மண்கரைகள் எழும்பின. அதே காலத்தில் சியரா நெவாடா மலைகளில் தங்கம் தேடியவர்கள் பீய்ச்சுநீரால் மலைச்சரிவுகளையே கரைத்து ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1884இல் நீதிமன்றம் அந்தச் சுரங்கமுறைக்குத் தடை விதித்தது. அதற்குள் நூறு கோடி கன யார்டுக்கும் மேற்பட்ட மண் ஆறுகளில் இறங்கிவிட்டது. ஜி. கே. கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1917இல் வெளியிட்ட அறிக்கை அந்த மண் மலையிலிருந்து விரிகுடா வரை நகர்ந்த வழியை அளந்து காட்டியது. விந்தை என்னவென்றால், விரிகுடாவுக்கு வரலாறு காணாத அளவு வண்டல் வந்த அதே பத்தாண்டுகளில்தான் கரை கட்டிய நிலங்கள் வண்டலே எட்டாமல் துண்டிக்கப்பட்டன.

துண்டிக்கப்பட்ட சதுப்பு உயரம் குறையும். நீர் வடிந்ததும் மண் இறுகுகிறது. அதிலுள்ள மக்கிய தாவரப்பொருள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றமடைந்து கரைகிறது. ஈடுசெய்யப் புதுவண்டலும் வருவதில்லை. விமானத்தளம் அமைந்த நிலம் காலப்போக்கில் கடல்மட்டத்துக்குப் பல அடி கீழே போய்விட்டது.

1930களின் தொடக்கத்தில் இங்கே கட்டுமானம் தொடங்கியது. முதல் உலகப்போரில் பிரான்சில் வீழ்ந்த விமானி லாயிட் ஹாமில்டனின் பெயர் தளத்துக்குச் சூட்டப்பட்டது. 1941 டிசம்பர் 6 இரவு இங்கிருந்து ஹவாய்க்குப் புறப்பட்ட பி-17 குண்டுவீச்சு விமானங்கள் மறுநாள் காலை பேர்ல் துறைமுகத் தாக்குதலின் நடுவே போய் இறங்கின. போர் வரலாற்று நூல்கள் தளத்தை நினைவுகூர்வது பெரும்பாலும் இதற்காகத்தான். சுற்றுச்சூழல் வரலாற்றுக்கு முக்கியம் வேறொன்று: ஓடுதளம் நனையாமலிருக்கச் சுற்றிலும் வடிகாலும் நீரேற்றுப் பம்புகளும் இடைவிடாமல் இயங்கவேண்டியிருந்தது. உழவர்கள் கட்டிய கரையையே இராணுவமும் காத்துக்கொண்டிருந்தது. 1970களில் விமானப்படை விலகியது. பின்னர் தரைப்படை வசம் இருந்த ஓடுதளப் பகுதிதான் 1988ஆம் ஆண்டின் மூடல் பட்டியலில் சேர்ந்தது. எரிபொருள் கசிவுகளும் டிடிடி எச்சங்களும் மண்ணில் தங்கின. கட்டடங்கள் நின்ற மேட்டுப்பகுதி வீடுகளும் அலுவலகங்களுமாக மாறியது. பள்ளத்தில் கிடந்த ஓடுதளத்தை என்ன செய்வது என்பதே சிக்கல்.

கரையை உடைத்து விட்டுவிட்டால் போதாதா? போதாது. அவ்வளவு தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்தால் சதுப்பு உருவாகாது, ஏரிதான் உருவாகும். உவர்ச்செடிகள் வேரூன்ற, உயர் ஓதத்தில் நனைந்து வற்று ஓதத்தில் காயும் உயரம் வேண்டும். வண்டல் தானாகப் படிந்து அந்த உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இதற்கிடையே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இன்னொரு நெருக்கடி முற்றியிருந்தது. துறைமுகச் சேற்றை அல்கட்ராஸ் தீவருகே கொட்டுவது வழக்கம். நீரோட்டம் இழுத்துப் போய்விடும் என்பது நம்பிக்கை. 1982இல் பார்த்தபோது 110 அடி ஆழமிருந்த இடத்தில் சேறு மேடிட்டு, நீர்மட்டத்துக்கு 30 அடி கீழே வரை உயர்ந்திருந்தது. மீன்வளம் கெடுகிறது என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். கப்பல்கள் வளர்கின்றன, துறைமுகம் ஆழமாகவேண்டும், சேற்றுக்கோ இடமில்லை. பல அரசு அமைப்புகள் கூடி வகுத்த நீண்டகால மேலாண்மைத் திட்டம், விரிகுடாவுக்குள் கொட்டுவதை 20 விழுக்காட்டுக்குள் அடக்கி, 40 விழுக்காட்டை ஆழ்கடலுக்கும் 40 விழுக்காட்டைப் பயனுள்ள மறுபயன்பாட்டுக்கும் அனுப்ப இலக்கு வைத்தது. அந்த மூன்றாவது வகையில்தான் ஹாமில்டனின் எதிர்காலம் அடங்கியிருந்தது.

முன்னோட்டம் அருகிலேயே நடந்தது. சோனோமா பேலண்ட்ஸ் என்ற கரை கட்டிய வயல்நிலத்தில் ஓக்லண்ட் துறைமுகச் சேற்றைப் பரப்பி 1996இல் கடலைத் திறந்துவிட்டார்கள். வெளிப்புறத்தில் ஏற்கெனவே இருந்த சதுப்பைச் சிதைக்கக்கூடாது என்று நீர்வழிகளை ஆழமாக வெட்டவில்லை. அதனால் ஓதம் ஆண்டுக்கணக்கில் மூச்சுத்திணறியபடியே உள்ளே வந்தது. நல்ல நோக்கமே பணியைத் தாமதப்படுத்திய இந்த அனுபவம் பின்வந்த பொறியாளர்களுக்குப் பெரிய பாடமானது. சான் பிரான்சிஸ்கோ நகரின் கிரிஸ்ஸி ஃபீல்டில் கதை தலைகீழ். அதுவும் இராணுவ விமானத்தளந்தான். ஆனால் 1915 உலகக் கண்காட்சிக்காகச் சதுப்பைத் தூர்த்து உயர்த்திய இடம் என்பதால் மண்ணைத் தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. 1999இல் ஓதம் நுழைந்தது. ஏறத்தாழ 20 ஏக்கருக்குள் அடங்கிய அச்சிறு கழியின் வாயை மணல் அடைப்பதும், இயந்திரம் கொண்டு மீண்டும் திறப்பதுமாகப் பின்னும் பராமரிப்பு தொடர்ந்தது.

ஹாமில்டன் திட்டத்துக்கு 1999இல் காங்கிரஸ் ஒப்புதல் கிடைத்தது. இராணுவப் பொறியாளர் படையும் கலிபோர்னியக் கடலோரப் பாதுகாப்பு வாரியமும் அதைக் கூட்டாக நடத்தின. ஓக்லண்ட் துறைமுகத்தை 50 அடி ஆழமாக்கியபோது வாரி எடுத்த சேறே முதன்மை மூலப்பொருள். சான் பாப்லோ விரிகுடா ஆழமற்றது என்பதால் பார்ஜ்கள் கரையை நெருங்க முடியவில்லை. தொலைவில் நிறுத்திய மிதவை நிலையத்தில் சேற்றை நீருடன் கலந்து, பல மைல் நீளக் குழாய் வழியே உள்ளே செலுத்தினார்கள். 2007 இறுதியில் தொடங்கி ஏறத்தாழ 58 லட்சம் கன யார்டு சேறு வந்து சேர்ந்தது. ஓடுதளம் அதனடியில் புதைந்தது. மண்ணிலிருந்த மாசின் ஒரு பகுதியும் அகற்றப்படாமல் தூய சேற்றின் கீழ் மூடப்பட்டது. இந்தத் தீர்வை முழுச் சுத்திகரிப்பு என்று எழுதுவது மிகை. அடக்கிவைத்தல் என்பதே நேர்மையான சொல்.

சேற்றை முழு உயரத்துக்கு நிரப்பாததுதான் வடிவமைப்பின் நுட்பம். சதுப்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு மீதியை ஓதத்திடம் விட்டார்கள். ஓதம் வண்டலைச் சுமந்து வந்து படியவைக்கும்போதுதான் ஓடைகள் தாமே கிளைபிரியும். உயரமாக நிரப்பிய இடத்தில் அது நடக்காது. 2014 ஏப்ரல் 25 அன்று கரை உடைக்கப்பட்டபோது 648 ஏக்கர் விரிகுடாவுடன் இணைந்தது. நம் உப்பளங்களின் உமரிக்கு உறவான ஒரு செடி பரவவேண்டும். அதை நம்பி வாழும் உவர்ச்சதுப்பு அறுவடை எலிக்கும் ரிட்ஜ்வே கானாங்கோழிக்கும் இடம் கிடைக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டுமே அருகிவரும் உயிரினங்கள். தங்கச் சுரங்கங்களில் பயன்படுத்திய பாதரசம் இந்த விரிகுடா வண்டலில் இன்னும் உண்டு. ஈரமும் உலர்வும் மாறிமாறி வரும் சதுப்பு அதை மீத்தைல் பாதரசமாக்கி உணவுச்சங்கிலிக்குள் ஏற்றிவிடலாம் என்பதால் கண்காணிப்பு தேவைப்பட்டது.

ஆனால் திட்டம் நிறைவேறுவதற்குள் சேற்றின் மதிப்பே மாறிவிட்டது. 1999ஐ ஒட்டி சான் பிரான்சிஸ்கோ விரிகுடா நீரில் மிதக்கும் வண்டல் சட்டென மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததை நீரியல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சுரங்க மண் தீர்ந்துவந்தது. மேலே அணைகள் வண்டலைப் பிடித்துவைத்தன. கடல்மட்டமோ ஏறுகிறது. ஓதச் சதுப்பு 1,90,000 ஏக்கரிலிருந்து 40,000 ஏக்கராகச் சுருங்கிய விரிகுடாவில், அதை 1,00,000 ஏக்கராக உயர்த்த 1999இல் அறிவியலாளர்கள் இலக்கு வகுத்திருந்தார்கள். இப்போது அதற்குப் போதிய சேறு கிடைக்குமா என்பதே கேள்வி. ஒரு காலத்தில் தொல்லையாக இருந்த கழிவு பற்றாக்குறைப் பொருளாகிவிட்டது.

இருந்தும் கணக்கு வழக்கு பழைய விதியிலேயே நிற்கிறது. சுற்றுச்சூழல் விதிகளுக்கு உட்பட்ட வழிகளில் மிகக் குறைந்த செலவுள்ளதைப் பொறியாளர் படை அடிப்படையாகக் கொள்ளவேண்டும். ஆழ்கடலில் கொட்டுவது பல நேரங்களில் மலிவு. சதுப்புக்குக் கொண்டுசெல்லும் கூடுதல் செலவுக்கு வேறு பணம் தேடவேண்டும். 2016 ஜூனில் விரிகுடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்டங்களின் வாக்காளர்கள் ஒரு மனைக்கு ஆண்டுக்கு 12 டாலர் வீதம் 20 ஆண்டுகளுக்கு வரி கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் திரளும் இந்த நிதி விரிகுடா முழுவதற்குமானது. ஹாமில்டனை அடுத்து, அதைவிட இருமடங்குக்கும் மேல் பரந்து, அதேபோலத் தாழ்ந்து கிடக்கும் பெல் மரின் கீஸ் நிலத்தை உயர்த்தும் பணியும் இதே சேற்றையும் இதே போன்ற பொதுப்பணத்தையும் நம்பித்தான் திட்டமிடப்பட்டது.