ரிங் (ஆங்கில வினைச்சொல்)

ரிங் என்பது மணியோசைக்குரிய ஆங்கில வினைச்சொல். ‘மணி அடித்தது’, ‘மணி அடித்தான்’ என இரண்டுக்கும் தமிழில் ‘அடி’ உதவுவது போல, மணி ஒலிப்பதற்கும் அதை ஒருவர் ஒலிக்கச் செய்வதற்கும் இந்த ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் இது ஹ்ரிங்கன். ரேங், ரங் என்ற இறந்தகால வடிவங்கள் அப்போது கிடையாது; பாடுதலைக் குறிக்கும் ‘சிங்’ என்ற வினையைப் பார்த்துப் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. வளையத்தைக் குறிக்கும் ரிங் வேறு சொல். காவலர்கள் வீட்டைச் சூழ்ந்தால் ‘ரிங்டு’; வாசல் மணியை அடித்தால் ‘ரேங்’.

இதன் மரபுத்தொடர்கள் பலவற்றுக்குள் உண்மையான மணியோ உலோகமோ இருக்கிறது. ‘ரிங் ட்ரூ’ என்றால் உண்மையாகப் படுதல். வெள்ளிக்காசைக் கல்லில் போட்டு ஓசையால் தரம் பார்த்த வழக்கம் இதன் பின்னணி. வெற்றுப் பேச்சு ‘ரிங் ஹாலோ’. பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இரண்டையும் விளக்க வேண்டியதில்லை.

‘ரிங் தி சேஞ்சஸ்’ இங்கிலாந்துத் தேவாலயக் கோபுரங்களிலிருந்து வந்தது. அங்கே மணிகளை ராகத்துக்கு அடிப்பதில்லை. வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஏழு மணிகளுக்கு 5,040 வரிசைகள். எதுவும் திரும்ப வராமல் அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒன்றையே பல விதமாக மாற்றிச் செய்வதற்கு இத்தொடர் வழங்குகிறது.

கடையில் விலையைப் பதிவது ‘ரிங் அப்’. ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, பணியாளர் காசைச் சுருட்டுவதைத் தடுக்க ஒரு கல்லா இயந்திரம் செய்து 1879-இல் காப்புரிமை பெற்றார். அவ்வகை இயந்திரங்களில் விற்பனை பதிவானதும் மணி அடிக்கும். பிரிட்டனில் ‘ரிங் அப்’ தொலைபேசியில் அழைப்பதையும் குறிக்கும். அழைப்பை முடிப்பது ‘ரிங் ஆஃப்’: கைப்பிடி சுழற்றும் பழைய தொலைபேசியில், பேசி முடித்ததும் ஒருமுறை சுழற்றி இணைப்பகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் ‘கால்’ என்றே சொல்வர். தமிழ்ப் பேச்சில் ‘ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறாங்க’ என இது பெயர்ச்சொல்லாக ஊறிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் ‘ரிங் எ பெல்’. ‘எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதே’ என்பதுதான் பொருள். தமிழ்த் திரைப்படங்களில் மனசுக்குள் மணி அடித்தால் காதல். ஆங்கிலத்தில் வெறும் ஞாபகம்.