கைக்கு எட்டாத பாணி: 'கில்லர் இஸ் டெட்' விளையாட்டில் படைப்பாளியின் கையொப்பமும் ஆட்டமும்

2013 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான 'கில்லர் இஸ் டெட்' வீடியோ விளையாட்டைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு ஒரு படைப்பு கிடைக்கிறது. கன்ட்ரோலரைப் பிடித்து ஆடுபவருக்கு வேறொன்று கிடைக்கிறது. பார்ப்பவர் காண்பது அடர்ந்த கரிய நிழலும் கண்ணைக் கூசவைக்கும் நிறங்களும் மோதும் ஓர் உலகம். இடக்கை முழுவதும் இயந்திரமாகிவிட்ட மோண்டோ ஸாப்பா என்ற கொலைஞன், கட்டானா வாளோடு நிலவு வரை போய்க் கூலிக்குத் தலை எடுக்கிறான். ஆடுபவர் பெரும்பாலான நேரம் செய்வதோ ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான்.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்வது, 'அழகு இருக்கிறது, ஆட்டம் இல்லை' என்பது. இந்தத் தீர்ப்பு எனக்குப் போதவில்லை. அழகும் ஆட்டமும் தனித்தனிச் சரக்குகள், ஒன்று குறைந்தாலும் மற்றது முழுமையாக நிற்கும் என்று அது கொள்கிறது. இந்த விளையாட்டின் கதையை எழுதிய, சுடா51 என்ற பெயரில் அறியப்படும் கோய்ச்சி சுடாவின் முந்தைய படைப்புகளே அந்த எண்ணத்தை மறுக்கின்றன. வீடியோ விளையாட்டில் பாணி என்பது ஆடுபவரின் கைக்குள் வந்தாக வேண்டும். வராதபோது குறைபடுவது ஆட்டம் மட்டுமல்ல, பாணியும்தான்.

ஒரு படைப்பில் அதை ஆக்கியவரின் தனிக் கையொப்பத்தைத் தேடும் படைப்பாளிக் கோட்பாடு சினிமாவிலிருந்து வந்தது. 1954இல் பிரான்சுவா த்ரூஃபோ பிரெஞ்சுத் திரையிதழில் எழுதிய கட்டுரை அதற்கு வித்திட்டது; 1962இல் ஆண்ட்ரூ சாரிஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். தொழில்நுட்பத் திறன், அடையாளம் காணத்தக்க தனிப்பாணி, உள்ளார்ந்த பொருள் என்று மூன்று வட்டங்களை சாரிஸ் வரைந்தார். சினிமாவுக்கு இது பொருந்தும். இயக்குநர் வைத்த ஷாட்டைப் பார்வையாளர் மாற்றப்போவதில்லை. ஆனால் எஸ்பென் ஆர்செத் 1997இல் எழுதிய 'சைபர்டெக்ஸ்ட்' நூலில் காட்டியதுபோல, சில பனுவல்களைக் கடந்துசெல்ல வாசகர் உழைத்தாக வேண்டும். வீடியோ விளையாட்டும் அந்த இனம். ஆகவே ஆடுபவருக்கு என்ன வேலையைக் கொடுக்கிறார் என்பதிலும் படைப்பாளியின் கையொப்பத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

கேப்காம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'கில்லர்7' இதற்கு வலுவான சான்று. சுடாவே எழுதி இயக்கியது. அதில் ஆடுபவர் நினைத்த திசையில் நடக்க முடியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பே வகுத்த தடத்தில் பாத்திரம் ஓடும், பிரியும் இடத்தில் வழியைத் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். 'ஹெவன் ஸ்மைல்' எனும் எதிரிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலில் அவர்களின் சிரிப்பு மட்டும் கேட்கும். நின்று, துப்பாக்கியை உயர்த்தி, வெளியைத் துழாவிய பிறகே உருவம் புலப்படும். நடந்துகொண்டே சுட முடியாது. பலருக்கு எரிச்சலூட்டிய இந்தக் கட்டுப்பாடுகளில்தான் அந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. தடம் மாற முடியாத கொலையாளிகளின் கதையில் ஆடுபவரும் தடத்தை விட்டு விலக முடியாதவர். சிரிப்பைக் கேட்டதும் கால் நின்றுவிடுகிறது. அச்சம் முதலில் கட்டைவிரலுக்கு வருகிறது, கதை பின்னால்தான் வந்து சேர்கிறது.

2007இன் 'நோ மோர் ஹீரோஸ்' இதைவிடச் சிக்கலானது. டிராவிஸ் டச்டவுன் என்ற இளைஞன் கொலைஞர்களின் தரவரிசையில் ஏற விரும்புகிறான். ஒவ்வொரு மோதலுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. அதைச் சம்பாதிக்கப் புல் வெட்ட வேண்டும், தேங்காய் சுமக்க வேண்டும். வெறிச்சோடிய ஊரைச் சுற்றும் அலுப்பு முழுவதும் திட்டமிட்டது என்று வாதிடுவோர் உண்டு. நான் பாதிதான் ஒப்புகிறேன். கூலிவேலையின் அலுப்புக்குப் பொருள் இருக்கிறது. காலியான தெருக்களின் அலுப்புக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவனுடைய மின்வாளின் மின்சாரம் தீர்ந்ததும் வீ கன்சோலின் ரிமோட்டைக் கையால் குலுக்கி ஏற்ற வேண்டிய அந்தக் கூச்சமான நொடியில் டிராவிஸின் முழுக் குணமும் ஆடுபவரின் மணிக்கட்டுக்கு வந்துவிடுகிறது.

'கில்லர் இஸ் டெட்'டில் அப்படி ஒரு நொடியைத் தேடினால் கிடைப்பது எதிரியின் அடியிலிருந்து கடைசித் தருணத்தில் விலகும் அசைவு. விலகியதும் காலம் மெதுவாகிறது, திரை நிறம் மாறுகிறது, மோண்டோ வெட்டித் தள்ளுகிறான். இதே கருத்தை ஹிதேகி காமியா இயக்கிய 'பேயோனெட்டா' 2009இலேயே கையாண்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் குறை துலங்கும். பேயோனெட்டாவில் காலம் மெதுவாகும் அந்தச் சில நொடிகள் ஆடுபவருக்குக் கிடைத்த சுதந்திரம். யாரைத் தாக்குவது, எந்தத் தொடரில், தரையிலா வானிலா என்று அவர் முடிவெடுக்கலாம். விலகுவதற்கு முன் தொடங்கிய தாக்குதலை அறுபடாமல் தொடரவும் வழி உண்டு. 'கில்லர் இஸ் டெட்'டில் அதே நொடியில் தேர்வு மறைந்துவிடுகிறது. பொத்தானை வேகமாகத் தட்டினால் போதும், மீதியை அசைவூட்டமே பார்த்துக்கொள்ளும். காட்சி உச்சத்தை அடையும் இடத்தில்தான் ஆடுபவர் மிகக் குறைவாக ஆடுகிறார். போதாததற்கு, நெருக்கமான இடங்களில் கேமரா எதிரியை மறைத்துவிடுவதால் விலக வேண்டிய தருணமே பல வேளைகளில் கண்ணுக்குத் தப்புகிறது.

அடிபடாமல் வெட்டிக்கொண்டே போனால் வாளின் வேகம் கூடும் என்ற விதி ஒன்று உண்டு. நல்ல விதி. ஆனால் சாதாரண நிலையில் 'வயர்ஸ்' எனும் அடியாள்கள் அதைச் சோதிக்கும் அளவுக்கு எதிர்ப்பதில்லை. 2014இல் கணினிக்கு வந்த 'நைட்மேர் எடிஷன்' இதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. அதில் சேர்த்த புதிய கடின நிலையில் சாதாரண வெட்டுக்கு எதிரிகள் சாவதில்லை. விலகல் தாக்குதல், இரத்தத்தைச் செலவிட்டு முடிக்கும் வீச்சு, தலையைக் குறிவைத்துச் சுடுதல் ஆகியவற்றால் மட்டுமே வீழ்த்தலாம். வாள்வீச்சுக்குப் பொருள் கொடுக்க வாள்வீச்சையே தடைசெய்ய வேண்டியிருந்தது.

கையும் பாணியும் உண்மையாகவே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் படைப்பின் மிக மோசமான பகுதி. 'ஜிகோலோ' பணிகளில், எதிரே அமர்ந்த பெண் பார்வையைத் திருப்பும் கணங்களில் அவள் உடலை ஆடுபவர் உற்றுநோக்கித் துணிச்சலைச் சேர்க்க வேண்டும். பிறகு பரிசு கொடுக்க வேண்டும். துணை ஆயுதங்கள் அதற்கு வெகுமதியாக வருகின்றன. களவாகப் பார்ப்பதைப் போருக்கான கருவியாக்கும் இந்த விதியைக் கேலியென்று காக்க முடியாது. கேலி என்றால் ஆடுபவரை எங்காவது சங்கடப்படுத்தியிருக்க வேண்டும். இது பரிசளித்து அனுப்புகிறது.

இந்த விளையாட்டைக் காக்க விரும்புவோர், சுடா கனவின் தர்க்கத்தில் இயங்குபவர், அவரிடம் துல்லியமான போர்முறையை எதிர்பார்ப்பதே தவறு என்பார்கள். கனவுத் தர்க்கம் எனக்கும் உவப்பானதே. 'கில்லர் இஸ் டெட்'டில் ஆலிஸ் என்ற பெண்ணின் மாளிகை வரும் அத்தியாயம் அதற்கு ஒரு சான்று. ஆனால் 'கில்லர்7' அந்தக் கனவை ஆடுமுறைக்குள் கொண்டுவந்தது, இங்கே அது சுவரில் ஒட்டிய படமாக நிற்கிறது. இன்னொரு விவரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த விளையாட்டின் இயக்குநர் ஹிதேயுகி ஷின். சுடாவின் பங்கு கதையும் நிர்வாக இயக்கமும். 2011இன் 'ஷேடோஸ் ஆஃப் தி டேம்ட்' விளையாட்டையும் வேறொருவரே இயக்கினார். இந்தப் பங்கீடுதான் குறைக்குக் காரணம் என்று நான் வாதிடவில்லை. நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் துறையில் திறமையான இயக்குநர்கள் பலர் உண்டு. ஆனால் வெளியீட்டாளர்களும் விமர்சகர்களும் அந்தப் படைப்புகள் அனைத்தையும் சுடா51 என்ற ஒரே பெயரின் கீழ் வாசித்தார்கள். அந்தப் பெயர் திரையில் தெரியும் அடையாளங்களைத் தேடப் பழக்கியது. விதிகளை யார் வகுத்தார், எதற்காக வகுத்தார் என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

வீடியோ விளையாட்டை ஆராய்வோர் படைப்பாளியின் பெயரைப் பயன்படுத்துவதானால், நிறத்தையும் வசனத்தையும் படிக்கும் அதே கவனத்தோடு பொத்தான்களையும் விதிகளையும் படிக்க வேண்டும். அந்த அளவுகோலில் 'கில்லர்7' ஒரு படைப்பாளியின் முழுமையான ஆக்கம். 'நோ மோர் ஹீரோஸ்' குறைகளோடு தேறுகிறது. 'கில்லர் இஸ் டெட்' தேறவில்லை.